புழுவின் தலையில் நீ பார்த்த சுருள்

இன்று ஆய்வகத்தின் பழைய அலமாரியைக் காலி செய்தபோது உன் ஸ்லைடு பெட்டி கிடைத்தது. திறந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள். நான் முடிச்சூரில் உன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து கோவளத்தில் சேறு அள்ளி வருவோம். அதில் தலைமுடியைவிட மெல்லிய உருளைப்புழுக்கள். தலையின் இரு பக்கமும் நீரை மோந்தறியும் உறுப்பு ஒன்று உண்டு. சில இனங்களில் அது வெறும் கீற்று, சிலவற்றில் சுருள். எந்தப் புழு எதற்கு உறவு என்பதற்கு அதைத்தான் முதலில் பார்ப்போம்.

என் புழுவுக்குக் கீற்று என்று வரைந்து, அதை நம்பி ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தேன். ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. நீ மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாய்.

"இன்னாடி இது? தலை சாஞ்சு கெடக்கு. சுருள் பக்கவாட்டுல தெரிஞ்சா கீத்து மாதிரிதான் இருக்கும். ஸ்லைடைத் திருப்பி அந்தப் பக்கம் பாத்தியா?"

"நீ இன்னும் பாதிகூட எழுதலை. உனக்குப் பொறாமை," என்றேன்.

"பொறாமைன்னே வெச்சுக்கோ. திருப்பிப் பாரு."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நீ சாப்பிடப் போன நேரத்தில் திருப்பினேன். மறுபக்கத்தில் இரண்டரைச் சுற்றுச் சுருள், தெளிவாக. என் புழு வேறொரு கிளையைச் சேர்ந்தது. ஆய்வேட்டைத் தள்ளிவைத்து, உறவு வரைபடத்தைத் திரும்பப் போட ஐந்து மாதம் பிடித்தது.

இதில் மறக்க முடியாதது வேறு. "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று எங்கள் ஆய்வை வழிநடத்திய சார் கேட்டபோது, "சந்தேகமா இருந்துச்சு சார், திருப்பிப் பாத்தேன்," என்றேன். நீ பக்கத்து மேசையில் ஸ்லைடுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டாய். ரயில்வே கேட் பக்கம் நின்று குடித்தோம். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். நான் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினேன்.

இப்போதெல்லாம் யாராவது தான் வரைந்த புழுவின் படத்தைக் காட்டினால், திருப்பிப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். நல்ல பழக்கம் என்கிறார்கள். யாரிடம் கற்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.