நிஜமில்லை என்று சொன்ன நாள்

இன்று காலை நான் பாடம் எடுக்கும் பயிற்சி அறையில் அலாரம் அலறியது. மின்நிலையத்தின் கண்ட்ரோல் ரூமை அப்படியே கம்ப்யூட்டரில் காட்டும் அந்த சிமுலேட்டரில், புதிதாக வந்த பெண் ஒருத்தி தவறுதலாகப் பாய்லரை நிறுத்திவிட்டு முகம் வெளுத்து நின்றாள். ரீசெட் பட்டனுக்குப் போன என் விரல் உன் நினைவில் நின்றுவிட்டது. முதலில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

நாம் டிரெய்னியாகச் சேர்ந்த வருடம் நீயும் அதே அறையில் அப்படித்தான் நின்றாய். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பட்டனை அழுத்தியதும் எல்லாம் பழையபடி ஓடியது. கேன்டீனில் டீயை ஆறவிட்டுவிட்டு நீ கேட்டாய்.

"ஏன்டி, நாமளும் இப்புடி எவனோ போட்ட கம்ப்யூட்டர்ல ஓடிகினு இருந்தா நமக்கு எப்புடித் தெரியும்?"

"கையக் கிள்ளிப் பாரு, வலிக்கும்ல?" என்றேன்.

"அந்த வலியையும் சேத்துத்தான எழுதி வெச்சிருப்பான்!"

நீ பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொல்லையில் வளர்ந்தவள். நான் மின்நிலைய நகரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போதெல்லாம் நமக்குள் இதே வழக்குதான். நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

பிறகு உனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். உன் பேச்சையே எடுத்து, "இதெல்லாம் நிஜமில்லன்னு நெனச்சுக்கோடி" என்றேன்.

உனக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "நிஜமில்லன்னே வெச்சிக்க. வெளிய எம் பொண்ணு அழுதுகினு நிக்கிறாளே, அதுக்கு என்னா சொல்ற? காலையிலேர்ந்து அவ ஒண்ணும் சாப்புடல. போயி இட்லி வாங்கிக் குடு, போ."

போனேன். ஏழு வயதுக் குழந்தை, அழுதபடியே மூன்று இட்லி சாப்பிட்டாள். பத்து நாளில் நீ போய்விட்டாய்.

உன் பயத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் அன்று அப்படிச் சொன்னேன் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆனது. நாம் எவனோ போட்ட கம்ப்யூட்டரில் ஓடுகிறோமா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பிறகு, வேதனையில் இருக்கும் எவரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

உன் மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். மந்தாரக்குப்பத்தில் உன் வீட்டுக்காரரோடு இருக்கிறாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. துணியை நனைத்து வர எழுந்தபோது, கண்ணைத் திறக்காமலே, "கைய எடுக்காதீங்க பெரியம்மா" என்றாள்.

எடுக்கவில்லை.