சித்ராவும் சிவப்புக் கல்லும்

அக்டோபர் 9
கனிஷ்கா ஆர்டர் கொடுத்த கல்யாண நெக்லஸுக்கு நடுக்கல் மட்டும்தான் பாக்கி. சிவப்புதான் வேண்டுமாம். என்னிடம் இருப்பதெல்லாம் சின்னாயி அக்கா கொண்டுவரும் பால்நிறக் கற்கள். அறுவடை முடிந்த காட்டில், விடுபட்ட கடலைக்காய் பொறுக்கும்போது கண்ணில் படுபவை. காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். ஆபத்தான குழிகளில் இறங்கித் தோண்டி எடுக்கும் குழிக் கல்லைத் தொடவே மாட்டேன் என்று வாங்குகிறவர்களிடம் நான் பீற்றிக்கொள்வதும் அவளை நம்பித்தான்.

“ஒரே ஒரு சிவப்பு, எப்படியாவது பாருங்க்கா” என்றேன்.

“பாத்துட்டாப் போச்சு சாமி.”

அக்டோபர் 13
மழை. சேலத்திலிருந்து வெள்ளிக் கம்பி வந்தது.

அக்டோபர் 16
கொண்டுவந்துவிட்டாள்! மாதுளை முத்து நிறம். விளக்கில் பிடித்தால் — அடடா!

அக்டோபர் 17
கழுவும்போது கை நின்றுவிட்டது. காட்டில் கிடக்கும் கல் ஏரும் மழையும் பட்டு முனை மழுங்கியிருக்கும். இது விரலைக் கீறுகிறது. இடுக்கில் ஈரக் களிமண் வேறு. குழிக் கல்லா? சேச்சே, அக்காவா?

அக்டோபர் 18
கேட்டேவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேல கெடைக்கல சாமி. நீ ஆசையாக் கேட்டியே... ஏரிக்கரைக் குழியில எறங்குனேன். ரெண்டாள் ஆழந்தான்.”

ரெண்டாள் ஆழந்தானாம்! மண்ணு சரிஞ்சா யாரு வந்து தூக்குவா, அறிவிருக்கா உனக்கு என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவளைச் சொல்லி என்ன? ‘எப்படியாவது’ன்னு கேட்ட வாய் என்னுது.

அக்டோபர் 19
மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கற்பூரம் ஏற்றி, “இனிமே குழியில எறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணி அணைங்க்கா” என்றேன். உள்ளங்கையால் ஒரே அடி, அணைத்துவிட்டாள். பிறகு அவளே இன்னொரு கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் வைத்தாள்.

“செவப்பு வேணும்னு இனிக் கேக்க மாட்டேன்னு நீயும் அணை சாமி.”

அணைத்தேன். சுட்டது. கரி படிந்த கைகளைக் காட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அக்டோபர் 21
கனிஷ்காவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். ஆர்டர் போச்சு என்றுதான் நினைத்தேன்.

“வெள்ளையே வைங்க சித்ராக்கா. அவங்க பொறுக்குனதாவே இருக்கட்டும்.”

தங்கமான பெண். இன்றே பதித்துவிட்டேன்.

அக்டோபர் 23
விடிய விடிய மழை. ஏரிக்கரைக் குழி சரிந்துவிட்டதாம், பால்காரர் சொன்னார். உள்ளே யாராவது இருந்தார்களா, அவருக்குத் தெரியவில்லை. கோயிலில் அணைத்திருக்கிறாள், இறங்கியிருக்க மாட்டாள். மாட்டாள்தானே? போனைத் தேடினால் கைக்கு அகப்படவில்லை. அதற்குள் அதுவே அடித்தது.

“நான் ஊட்லதான் இருக்கறேன் சாமி” என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. “குழியிலயும் ஆரும் இல்லயாம். கடலக்கா வேவுது, வாரியா?”

இதோ, கிளம்பிவிட்டேன்.