முப்பத்தோராம் பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் தங்கையும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எட்டு மாதமாக என் போனை அவள் எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நீங்கள் பூட்டிவிட்டு ஊருக்குப் போன வீட்டுக்கு, முன்பே என்னிடம் கொடுத்து வைத்த சாவியோடு வாரம் ஒருமுறை போய்வருகிறேன். சமையலறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன். தொழிற்சாலையில் உங்கள் அட்டை வெட்டும் மெஷினில் இப்போது வேறு ஆள் நிற்கிறார். புதுத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். மெஷினின் முன்கதவைத் தூக்கினால் அந்த நொடியே கத்தி நின்றுவிடுகிறது.

பாருங்கள், இந்தக் கடிதத்திலும் விஷயத்தை மூன்றாவது பத்திக்குத் தள்ளிவிட்டேன். கதவைத் தூக்கிய பிறகும் அந்த மெஷினின் கத்தி ஒருமுறை இறங்கிவிட்டுத்தான் நிற்கும் என்பது, உங்கள் விரல்கள் போவதற்கு ஏழு வாரம் முன்பே எனக்குத் தெரியும். பாதுகாப்பு ஆய்வு செய்தவன் நான். அறிக்கையிலும் எழுதினேன். யாரும் படிக்காத இடமாகப் பார்த்து எழுதினேன்.

நம் மேனேஜரை உங்களுக்குத் தெரியும். எனக்கு வரவேண்டிய நாற்காலியில், என்னைவிட ஒன்பது வயது இளையவராக வந்து உட்கார்ந்தவர். நான் சொன்ன ஆய்வுக்கு முந்தைய ஆய்வின்போது நான் இரண்டே பக்கத்தில் அறிக்கை கொடுத்தேன். என்ன கோளாறு, யாருக்கு ஆபத்து, என்ன செய்ய வேண்டும். அவ்வளவுதான். அதை எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டி, "என்ன சார், ரெண்டு டிகிரி வாங்கிட்டு ரெண்டு பக்கம்தானா? வெயிட்டே இல்லையே" என்றார். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

வெயிட் வேண்டுமா, இந்தா என்று அடுத்த அறிக்கையை நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். மெஷின்களின் வரலாறு, பட்டியல்கள், வரைபடங்கள். முப்பத்தோராம் பக்கத்தில், எண்ணெய் மாற்றும் தேதிகளுக்குக் கீழே ஒரு வரி: "நிறுத்த நேரத்தில் சிறிது தாமதம் காணப்படுகிறது, உரிய சமயத்தில் கவனிப்பது நலம்." கை போகும் என்று எழுதியிருக்க வேண்டியவன் நான். அவர் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார் என்பதும் தெரியும். என்றாவது மெஷின் பழுதாகி வேலை நிற்கும், அன்று எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம் என்று காத்திருந்தேன். மெஷின் முன்னால் நிற்பது என் தங்கையின் புருஷன் என்பது ஏழு வாரமும் என் புத்தியில் உறைக்கவே இல்லை. அந்த ஏழு வாரத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

இன்னொன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "படித்துத் தெரிந்துகொண்டேன்" என்ற தாளில் ஆபரேட்டர்களிடம் கையெழுத்து வாங்க, அந்த அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நான்தான் வந்தேன். இடுக்கில் மாட்டிய அட்டையை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். "இதுல என்ன மச்சான் இருக்கு? இவ்ளோ தடியா இருக்கே, படிக்கணுமா?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, வழக்கமானதுதான். போடுங்க" என்றேன். பேனாவும் நான்தான் கொடுத்தேன். உங்கள் வலது கை அப்போது முழுசாக இருந்தது.

அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் இப்போது விசாரணையை முடிக்கப் பார்க்கிறார்கள். தாமதம் பற்றி அறிக்கையில் இருக்கிறது, ஆபரேட்டர் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே கவனக்குறைவு அவருடையது. அடுத்த வாரம் திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. அன்று இது உங்கள் பெயரில் பதிந்துவிட்டால் இனி எந்தத் தொழிற்சாலையும் உங்களை உள்ளே விடாது.

அதனால் நேற்று இன்னொரு அறிக்கை எழுதினேன். ஒரே பக்கம். முதல் வரி இது: "மெஷின் நிற்கத் தாமதிக்கும் என்று எனக்குத் தெரியும்; அதை வேண்டுமென்றே மறைவான இடத்தில் எழுதினேன்; ஆபரேட்டரிடம் அறிக்கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்." மேனேஜரிடம் காட்டினேன். உட்காராமல் நின்றபடியே முழுதும் படித்தார். "இது போனா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும் சார். உங்க மாப்பிள்ளைக்கு விரல் திரும்பி வரவா போகுது?" என்றார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக அறிக்கை எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார், அவருக்கு எது உடனே தெரிய வேண்டும் என்று நினைத்து எழுத வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். நான் நினைத்ததெல்லாம் யார் மாட்டுவார் என்பது மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை குழுவிடம் கொடுத்துவிடுவேன். நகல் இத்துடன் இருக்கிறது. பிழையோ விடுபட்டதோ இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். இந்த முறை நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இடது கையால் எழுதப் பழகுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது நன்றாகக் கூடி வரட்டும். தங்கையிடம் நகலின் முதல் வரியை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே படிப்பதும் படிக்காததும் அவள் விருப்பம்.

உங்கள் வீட்டுச் சாவியோடு,
மச்சான்