ஷோபா உட்கார வேண்டிய பெஞ்சு

சத்தியவேடு,
வெள்ளிக்கிழமை.

சீனுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் உடம்பளவில் நலம். குவைத்தில் வெயில் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் கோபம்தான். சாப்பிட்டுவிட்டுப் படி.

போனில் சொல்லக்கூடாதா என்று உன் நைனா கேட்டார். போனில் நான் வாயைத் திறந்ததுமே உனக்கு சிக்னல் போய்விடும். கோவர்த்தனன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிறான். இதை உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி திருப்பதிக்குப் பரீட்சை எழுதப் போனாள். லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று அதற்கு முன்தினம் உன்னிடம் போனில் அழுதாளே, அதே பரீட்சைக்குத்தான். பிறகு பிரியங்கா என்ற பெண் ஷிப்டு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தாள். ஷோபா விடிவதற்குள் புத்தூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

ஹாலில் அவள் நம்பர் எழுதியிருந்த பெஞ்சில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் ஹால் டிக்கெட்டில் ஷோபாவின் பெயர். போட்டோ மட்டும் அந்தப் பெண்ணுடையது. ஷோபா குனிந்து கேட்டதும், ஹரி அண்ணா அனுப்பித்தான் வந்தேன், சத்தம் போடாதீங்க அக்கா என்று தெலுங்கில் கெஞ்சியிருக்கிறாள். மேற்பார்வையாளர் வந்து ஷோபாவிடம் என்னம்மா, எந்த நம்பர் என்று கேட்டார். தன் ஹால் டிக்கெட்டை நீட்டினால் அந்தப் பெண் மேல் கேஸ், உன் சிநேகிதன் ஹரிபாபு மேல் கேஸ், அவளுக்குப் பதில் எழுத ஆள் அனுப்பு என்று அவனிடம் சொன்ன உன் மேலும் கேஸ். ரூம் மாறி வந்துட்டேன் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்று மாலையே இரண்டாம் ஷிப்டுக்கும் போய் நின்றாள்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மறுநாளிலிருந்து அவள் படிக்கவில்லை. அவள் படிக்கும் விதம் உனக்குத் தெரியாது. நான் கீரை ஆயும்போது எதிரில் நின்றுகொண்டு கணக்கியலை ஒப்பிப்பாள். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஷிப்டு முழுக்க நின்று கார் வயர்களைச் சரிபார்த்துவிட்டு வந்தவள், உட்கார்ந்தால் தூங்கிடுவேன் அத்தை என்று இங்கேயும் நிற்பாள். கம்பெனி வேனில் கடைசி சீட்டை மற்றப் பெண்களே அவளுக்கு விட்டுவிட்டார்கள். அங்கேதான் பாட்டுச் சத்தம் குறைவாம்.

ஏன் படிக்கவில்லை என்று கேட்டேன். என் பேர்ல ஒருத்தி எழுதிக்கினு கீறா, நான் வேற எதுக்குப் படிக்கணும் அத்தை என்றாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது.

நேற்று திருப்பதிக்குப் போனேன். ஹரிபாபுவின் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். எல்லாரும் ஷோபா மாதிரி வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள். இன்னும் இரண்டு பரீட்சை இருக்கிறது, அந்தப் பெண்ணை நிறுத்தடா என்றேன். அவன் எனக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, சீனு சொன்னாத்தான் நிறுத்துவேன் டீச்சரம்மா, சொன்னவன் அவன்தானே என்றான். பரீட்சை ஷோபாவுடையது. ஆனால் ஷோபா சொன்னால் போதாதாம். அந்த சோடாவை அவன் கல்லா மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

உன் நைனா உனக்காகப் பரிந்து பேசுகிறார். பையன் நல்லதுக்குத்தானே பண்ணான், பொண்டாட்டி கால் வீங்கிப்போய் அழுவறாளேன்னு பண்ணான் என்கிறார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன். உங்களுக்குப் பசித்தால் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுத் துன்ன வைக்கட்டுமா? உனக்கும் அதேதான் கேள்வி. உனக்குக் காய்ச்சல் என்றால் ஹரிபாபுவுக்கு ஊசி போட்டால் இறங்குமா?

அவள் காகிதத்துக்காக மட்டும் படிக்கவில்லை. டிகிரி இருந்தால்தான் லைன் லீடர் என்று கம்பெனியில் சொன்னதால்தான் ஆரம்பித்தாள், நிஜம். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்களே இன்று லீடராகி அவளை விரட்டுகிறார்கள். ஆனால் நடுவில் எங்கேயோ அந்தப் படிப்பு அவளுடையதாகிவிட்டது. போன மாதம் நம் பால் சொசைட்டி கணக்கில் தப்பு கண்டுபிடித்து, செயலாளரை எதிரில் நிற்கவைத்துச் சிரித்தாளே, அந்த ஷோபாவை நீ பார்த்ததில்லை. நீ அவளுக்கு உதவி செய்யவில்லை. உன்னால் முடியாது என்று அவளுக்குச் சொல்லியனுப்பினாய். அதை அவளிடம்கூடச் சொல்லாமல் செய்தாய்.

மூன்றாம் வகுப்பில் ஹரிபாபு ஏரிக்குப் போன நாளில் அவன் பெயருக்கு நீ ‘உள்ளேன் டீச்சர்’ என்றாய். என் பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் உன்னை வெளியே நிறுத்தினேன். ஞாபகம் இருக்கும். இப்போது அவன் உனக்காக அதே வேலையைச் செய்கிறான். இரண்டு பேரும் வளரவே இல்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஹரிபாபுவுக்குப் போன் செய். பிறகு ஷோபாவுக்கு. அவளிடம் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பிக்காதே. தப்பு என்று ஆரம்பி. பறிபோன பரீட்சையை என்ன செய்வது என்று அவள் முடிவு செய்வாள். அதில் நீயும் நானும் வாயைத் திறக்கக் கூடாது.

வருகிற ஞாயிறு பரீட்சை இல்லை. அதற்கடுத்த ஞாயிறு நானும் அவளோடு போகிறேன். அந்த பெஞ்சில் வேறு யாராவது இருந்தால் நான் ஹாலுக்குள்ளேயே போவேன். யார் அனுப்பியது என்று கேட்டால் சொல்வேன். ஆயுசு முழுக்க அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். உன் முழுப் பெயரையும் இனிஷியலோடு, பின் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல எனக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி. ஷோபா கம்பெனி ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறாள். வேன் அலைச்சல் தாங்கவில்லையாம். அலைச்சல்தான் காரணம் என்று நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை, உன் கல்யாணத்தின்போது அவள் துணிமணி கொண்டுவந்த பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். என்னைக் கேட்காமல் வைத்தாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அவளோடு சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டி இன்னும் வெயிலில்தான் இருக்கிறது, சீனு. சீக்கிரம் போன் செய்.

கோபம் ஆறாத உன் அம்மா,
தாட்சாயணி.