கல்யாணம் நம் கொட்டகையில்தான்

அன்புள்ள மகன் டோபினுக்கு,

இங்கே மொண்டானாவில் நானும் உன் தங்கை ஷெல்பியும் மாடுகளும் நலம். நீ நலமா என்று கேட்கலாமென்றால் நீதான் போனை எடுப்பதே இல்லை, அதனால் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், சுரங்கத்துக்கு ராத்திரி வேலைக்குப் போகிறாய் என்றால் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் தகராறு பண்ணும். ஷெல்பி ஊர்ப் பள்ளிக்கூட வேலையிலேயே இருக்கிறாள், சனி ஞாயிறு வந்து என்னை அதட்டிவிட்டுப் போகிறாள்.

போன மாதம் ஆர்லனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னதும் நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "அப்பா கட்டின கொட்டகையிலயாம்மா? பக்கத்துப் பண்ணைக்காரரோடயா? அந்தாளுக்கு நம்ம ஓடைத் தண்ணி மேல கண்ணும்மா. பண்ணித்தான் ஆகணும்னா கோர்ட்டுல போய்க் கையெழுத்துப் போட்டுக்கோங்க, ஊரைக் கூட்டி ஆடுனா நான் வரமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது, கோபம் வந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன். அப்பா கட்டின கொட்டகை என்கிறாயே, அவர் மட்டுமா கட்டினார்? ஷெல்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறித் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நினைத்தாய்? நிலமும் என் அப்பாவுடையது. உன் அப்பா இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக ஒரு சேணத்தையும் ஒரு கிழட்டு நாயையும் கொண்டு வந்தவர், அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர், அவரை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை, இனியும் பேசமாட்டேன்.

ஆகவே கல்யாணம் ஜூன் கடைசிச் சனிக்கிழமை, நம் கொட்டகையில்தான். உனக்கே தெரியும், கன்றுகளுக்கு நம் பண்ணை அடையாளச் சூடு போட்டு மலை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்ட பிறகு, முதல் புல் அறுப்புக்கு முன்னால், அந்தக் கொஞ்ச நாள்தான் கொட்டகை காலியாக இருக்கும். அதை விட்டால் அடுத்த வருஷம்தான், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தரையைக் கழுவி, ஆட்டத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்கிறோம். ஓடைக்கரையில் பட்டுப்போய் நின்ற மரத்தை அறுத்து ஆர்லன் மேசைகள் செய்கிறார், ஒன்று மட்டும் ஆடுகிறது, அதில் பாதிரியாரை உட்கார வைக்கலாம் என்கிறார். சாப்பாட்டுக்கு நம் மாடே, குழி வெட்டிக் கனலில் வேகவைப்பதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பழ அப்பம் கொண்டு வருகிறார்கள். என் உடுப்பை நானே தைக்கிறேன், நீலத் துணி, இந்த வயதில் வெள்ளை போட்டால் கூடாரம் நடந்து வருகிறது என்பார்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது சரிதான், ஆனால் பல வருஷமாக என் கை இவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

டென்வரிலிருந்து ஆர்லனின் அக்கா மௌரீன் யோசனை சொல்ல வந்திருந்தாள். மிச்சமிருக்கும் காய்ந்த புல்கட்டுகளை வரிசையாகப் போட்டு அதன்மேல் எல்லாரையும் உட்கார வைத்தால் படத்தில் எவ்வளவு அழகாக இருக்கும் என்றாள். ஆர்லன் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். "அக்கா, அது மாட்டோட சாப்பாடு. போன வருஷம் மழை இல்லாம ஒவ்வொரு கட்டுக்கும் நாயா அலைஞ்சோம். உன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு மேல நான் ஏறி உக்காந்தா நீ சும்மா இருப்பியா?" என்று கேட்டுவிட்டார். அவள் முகம் சுண்டிவிட்டது. நான்தான் பேச்சை மாற்றி, மரத்துண்டு மேல் பலகை போட்டு உட்காரலாம் என்று சமாளித்தேன். மனதுக்குள் மட்டும், இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை என்று இன்னொரு தடவை நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஓடைத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், ஆற அமரப் படி. போன சனிக்கிழமை நம் கன்றுகளுக்குச் சூடு போட்டோம். வழக்கம்போல நாலு பண்ணைக்காரர்களும் கயிறும் குதிரையுமாக வந்திருந்தார்கள். பலகை அடித்ததில் என் மணிக்கட்டு பிசகிவிட்டதால் சூட்டுக்கோலைத் தூக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் அதை ஆர்லனிடம் நீட்டினேன். எந்த வீட்டு மாட்டுக்கு யார் கையால் சூடு விழுகிறது என்பதை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோலைப் பிடித்தவன்தான் பண்ணைக்கு எஜமான் என்பார்கள். அந்த மனிதர் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "வேணாம் வெர்லா, இது உன் பிள்ளைங்க பிடிக்கிற இரும்பு. டோபின் இல்லன்னா ஷெல்பி போடட்டும். நான் உன்னைத்தான் கட்டிக்கிறேன், உன் மாட்டை இல்ல" என்றார். வந்திருந்த பண்ணைக்காரர்களில் பெரியவர் குன்னர், "மாட்டையே கட்டிக்கப்பா, அது இவளை மாதிரி எதுத்துப் பேசாது" என்றதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷெல்பிதான் போட்டாள், முதல் கன்றுக்குக் கொஞ்சம் கோணல், பிறகு சரியாகிவிட்டது. ஆர்லன் நாள் முழுக்கக் கன்றுகளைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்திருந்தார். கண் வைத்தவன் செய்கிற வேலையா அது, நீயே சொல்.

நீ வரமாட்டேன் என்றதை அவரிடம் மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் பையன் இல்லாம எதுக்கு வெர்லா? கோர்ட்டுலயே முடிச்சுக்கலாம், எனக்கு ஒண்ணும் குறையில்ல" என்றார். மாட்டேன் என்றேன். தப்புச் செய்தவள்தான் ஒளிந்துபோய்க் கையெழுத்துப் போடுவாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, பேசுகிறவர்கள் என் கொட்டகைக்கு வந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும். டோபின், உன் அப்பா போய் ஆறு வருஷமாகிறது. இந்த ஆறு வருஷமும் ராத்திரிச் சாப்பாட்டை நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன், மேசையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று. உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அது எனக்கு வேண்டாம். இப்போது ஆர்லன் சாயங்காலம் வந்தால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உன் அப்பாவையும் இன்னும் பிடிக்கும். இரண்டும் எனக்குள் சண்டை போடாமல்தான் இருக்கின்றன, நீதான் வெளியில் நின்று சண்டை போடுகிறாய்.

உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லையப்பா, உன்னை அழைத்து எழுதுகிறேன். வீட்டு வாசலிலிருந்து கொட்டகைக்கு அந்தப் புல்வெளியைத் தாண்டி நடந்து போகவேண்டும். குன்னர், தான் கைபிடித்து அழைத்துப் போவதாகச் சொன்னார், என் தம்பியும் கேட்டான், இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது உன் இடம், என் வலப்பக்கம்.

கர்த்தர் உன்னை அந்தச் சுரங்கத்திலும் வழியிலும் காப்பாற்றட்டும், நீ எடுத்து வைக்கிற காலெல்லாம் நல்ல தரையில் படட்டும். வந்தால் தடித்த சட்டை ஒன்று எடுத்து வா, ஜூனிலும் இங்கே காற்று எலும்பைத் தேடும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். உன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தமாட்டேன். ஆனால் உனக்காக வாசலில் நின்றுகொண்டும் இருக்கமாட்டேன். மணி மூன்று அடித்ததும் நடக்க ஆரம்பித்துவிடுவேன், பக்கத்தில் நீ இருந்தாலும் சரி, காற்று மட்டும் இருந்தாலும் சரி.

என்றும் உன்மேல் குறையாத அன்புடன்,
உன் அம்மா
வெர்லா