ஓடைக்கரைக் கொடியின் வீட்டுப் பேர்

போன வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் மடவார் வளாகத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் செடிகளை அழுத்திக் காயவைக்க நீ வைத்திருந்த இரண்டு மரச்சட்டங்கள், வார் போட்டு இறுக்கியபடியே இருந்தன. பீரோவை ஒழித்தபோது கிடைத்ததாம். "நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர். எனக்கு இதுல ஒரு செடியும் தெரியாது" என்றவர், நான் காபிக்குப் பால் வைப்பதற்குள் கிளம்பிவிட்டார். மெலிந்திருக்கிறார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. நீ இருந்தால் அந்தச் சட்டையோடு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாய்.

வாரைத் தளர்த்தியதும் அந்த வாசனை வந்தது. பழைய செய்தித்தாள், அந்துருண்டை, காய்ந்த இலை, கூடவே உன் மில் பஞ்சின் வாடை. தரையில் உட்கார்ந்து அழுதேன். கார்த்திகையில் உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று வராத அழுகை எல்லாம் சேர்த்து வைத்து வந்தது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைசித் தாளைப் பிரித்ததும் அழுகை நின்றுவிட்டது. அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்.

பி.எஸ்ஸி. முதல் வருடம் என்னை ராஜபாளையத்தில் உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனாயே, நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் தெலுங்கு. தண்ணீர்ச் செம்பை நீட்டிய கையோடு உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுப் பேரு என்னம்மா?" எனக்கு அப்படி ஒன்று கிடையாது என்றதும் அவர் முகத்தில் வந்த கவலையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பேருக்கு முன்னால் வரும் வீட்டுப் பேரைக் கேட்டால்தானே உங்களுக்கு ஒரு ஆளைத் தெரியும்! இரண்டு பேருக்கு ஒரே வீட்டுப் பேர் என்றால் பங்காளி, பெண் எடுக்கக் கூடாது. வேறு என்றால், எத்தனை தலைமுறைக்கு முன் எங்கே பிரிந்த வீடு என்று யோசிக்க வேண்டும். நீதான் இடையில் புகுந்து, "இவளுக்கு மடவார் வளாகம்தாம்மா வீட்டுப் பேரு" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு 'வளாகம்' ஆகிப்போனேன். என்னை அப்படிக் கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.

படிப்பு முடிந்ததும் உனக்குக் கல்யாணம். பிறகு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் லென்ஸ் வைத்து நூலைப் பார்ப்பாய். நான் மேலே படித்து, முனைவர் ஆகி, தாவரவியல் வாத்தியாரம்மா ஆனேன். ஆனாலும் இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கு மிச்சம் இருந்தன. முதல் பஸ்ஸில் நான் வருவேன். நீ எலுமிச்சஞ்சோறும், மில்லில் கழித்துப்போட்ட நூல்கண்டுகளும் கொண்டு வருவாய். அந்த நூலைக் கட்டித்தான் மலையடிவாரத்தில் பத்து மீட்டர் பத்து மீட்டராகக் கட்டம் பிரித்து, உள்ளே நின்ற ஒவ்வொரு செடியையும் எண்ணினோம். ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் நீ குந்தி உட்கார்ந்து, "ஏட்டி, உன் வீட்டுப் பேரு என்ன?" என்பாய். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எண்ணினால் மட்டும் போதாது, அளக்க வேண்டும் என்று நான் உனக்கு விளக்கியது உங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்ற விவரம் எனக்கு அன்றும் இல்லை. ஒரு காட்டுத் துண்டில் இருக்கும் செடிகளையெல்லாம் ஒரு வம்ச மரத்தில் வைத்து, யார் யாரைவிட்டு எத்தனை ஆண்டுகளுக்கு முன் பிரிந்தார்கள் என்று பார்த்து, எல்லாக் கிளைகளின் நீளத்தையும் கூட்ட வேண்டும். பங்காளிகளாகவே நாற்பது வகை நின்றாலும் அந்த எண் சிறியதாக இருக்கும், தூரத்து உறவாகப் பத்து வகை நின்றால் அதைவிடப் பெரியதாகிவிடும் என்றேன். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பந்தியைப் பார்த்தாய்.

"ஏட்டி வளாகம், இதுக்கா கம்ப்யூட்டரு? இந்தப் பக்கம் எம்புட்டு பேரு இருக்காவ?"

"நூறு இருக்கும்."

"அம்புட்டும் ரெண்டே வீட்டுப் பேரு. அந்தா, கடைசி வரிசையில பாரு. பத்துப் பேருதான், பத்தும் பத்து வீடு. இந்தப் பந்தி இல்லாமப் போனா ரெண்டு வீடுதான் போகும். அந்த வரிசை போச்சுன்னா பத்து வீடு போச்சு. அம்புட்டுத்தான உன் கணக்கு?"

"நல்ல காரியத்துல என்ன பேச்சு பேசுதா பாரு இவ!" என்று பக்கத்து இலைக்காரம்மா உன் தொடையில் கிள்ளினார். அதற்குப் பிறகு வகுப்பில் இந்த அளவையைச் சொல்லும்போதெல்லாம் நான் அந்தப் பந்தியில்தான் ஆரம்பிக்கிறேன். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இது உன் வாயிலிருந்து வந்தது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அய்யனார் கோவில் போகிற வழியில் மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி, தோப்பை இன்னும் விரிக்க நினைத்தார். அவர் நிலத்தில் அதுவரை கோடாலி படாத காடு இரண்டு துண்டாக நின்றது. மேட்டில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று. "ரெண்டுல ஒன்னை அப்படியே விட்டுத்தாரேன். எதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர். தை கழிஞ்சா ஜேசிபி வந்துரும்" என்றார். மேட்டுத் துண்டில் நாற்பத்தொரு வகை இருந்தது. ஓடைத் துண்டில் இருபத்தெட்டுதான். ஆனால் ஓடைக்கரையில் நின்றவை அதிகம் ஒட்டுறவு இல்லாதவை. அதனால் கிளை நீளத்தைக் கூட்டியபோது இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. மேடு ஒரு நூலிழை முன்னால் நின்றது.

அந்த நூலிழையைத்தான் நீ பிடித்து இழுத்தாய். ஓடைக்கரை நீர்மருதில் கை பருமனுக்கு ஒரு கொடி ஏறிக் கிடந்ததே, பளபளவென்று எதிரெதிர் இலைகளோடு. பூவும் கிடையாது காயும் கிடையாது. இலையைப் பார்த்த மாத்திரத்தில் நான் காபிக் குடும்பம் என்று எழுதிவிட்டேன். நீ கணுவை லென்ஸில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"காபி வீட்டு ஆளுன்னா ரெண்டு இலைக்கும் நடுவுல ஒரு சின்னச் செதில் இருக்கணும்ல? இதுக்கு இல்லையே."

"முத்தினா உதுந்துரும்."

"தளிர்லயும் இல்லட்டி. கணுவும் வீங்கிப்போய் இருக்கு. இவ காபி வீட்டுக்காரி இல்ல. ரொம்பத் தூரத்து ஆளு மாதிரி தெரியுது."

வெயில், பசி, மறுநாள் அண்ணாச்சிக்குக் கடிதம் கொடுக்க வேண்டிய அவசரம். இதெல்லாம் நான் சொல்லும் சாக்கு. உண்மையில் என்னைத் திருத்துகிறாயே என்ற கோபம்தான். "பி.எஸ்ஸி.யோட நிறுத்தினவ நீ. எனக்குப் பாடம் எடுக்காத" என்று சொல்லிவிட்டேன். நீயாக நிறுத்தவில்லை, உன்னை நிறுத்தினார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். நீ லென்ஸை முந்தானையில் துடைத்து உள்ளே வைத்தாய். எலுமிச்சஞ்சோற்றை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை என் பக்கம் தள்ளினாய். "சரி. பூக்கட்டும். பொறவு பேசுவோம்" என்றாய். மறுநாள் நான் மேட்டுத் துண்டை விடும்படி எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் நாம் பேசாமல் இல்லை. ஆனால் மலைப் பக்கம் போவதை நான் நிறுத்திவிட்டேன். ஜேசிபி புரட்டிப் போட்ட ஓடைக்கரையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போன வருடம் சித்திரையில் ஒருநாள் பையும் கையுமாக வந்தாய். என் மேசை நிறைய விடைத்தாள். "பேப்பர் முடியட்டும்டி, அடுத்த வாரம் வாயேன்" என்றேன். மோர் குடித்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்பினாய். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. முதலில் உனக்கு வயிற்று வலி என்றார்கள், பிறகு மதுரை ஆஸ்பத்திரி, பிறகு கார்த்திகை.

இப்போது கடைசித் தாள். அதில் இருந்தது அந்தக் கொடி. இலைகளுக்கு நடுவே, அடுக்கடுக்காக வளையங்கள் கோத்த குட்டிச் சரங்கள். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எங்கள் ஆய்வகத்தில் மஞ்சளித்த ஃபார்மலின் புட்டிக்குள் இதே சரம்தான் ஊறிக் கிடக்கிறது. வருடா வருடம் அதைத் தூக்கிக் காட்டி, "இது நீட்டம். இலை பூக்கும் செடி மாதிரி இருக்கும், ஏமாந்துராதீங்க. இது பூக்கும் சாதியே இல்லை, பைனுக்கும் சைக்கஸுக்கும் சொந்தம்" என்று பாடம் நடத்துகிறவள் நான். பரீட்சையில் கேள்வியும் கேட்பேன். புட்டியில் இருக்கிறவளைத் தெரிந்த எனக்கு, மரத்தில் ஏறி நிற்கிறவளைத் தெரியவில்லை.

தாளோடு நூலில் கட்டிய சீட்டு. பென்சிலில் உன் கோழிக்கிறுக்கல்: 'ஓடைத் துண்டு, நீர்மருது மேல். கணு வீக்கம். செதில் இல்லை. வீட்டுப் பேரு:' அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கீழே 'கண்டறிந்தவர்' என்ற இடமும் காலி. அந்த இடத்தை எப்போதும் எனக்காகத்தான் விட்டு வைப்பாய்.

அன்று மாலையே கணினியில் காபிக் குடும்பத்தை நீக்கிவிட்டு நீட்டத்தைப் போட்டேன். டைனோசர்கள் பிறப்பதற்கும் முன்னால் மற்ற எல்லாரையும் விட்டுப் பிரிந்த வீடு அது. அந்த ஒரே கொடிக்காக வம்ச மரம் அடிவேர்வரை நீண்டது. ஓடைத் துண்டு மேட்டை எங்கேயோ விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. இருபத்தெட்டு வகைதான், ஆனால் உன் கடைசி வரிசைப் பத்துப் பேர் மாதிரி. நான் அழிக்கச் சொன்னது இதைத்தானா என்று தாளைத் திரும்பக் கையில் எடுத்தேன். அப்போதுதான் செய்தித்தாளின் தேதியைப் பார்த்தேன். போன வருடச் சித்திரை, நீ பையோடு வந்து மோர் குடித்துவிட்டுப் போன அதே மாதம். ஜேசிபி வருவதாகச் சொன்ன தை அதற்கு முந்தைய வருடத்தது. அப்படியானால் போன சித்திரைவரை அந்தக் கொடி உயிரோடு நின்றிருக்கிறது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணாச்சி தோப்பு வாசலில் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. ஓடைக்கரையைத்தான் விடச் சொல்லியிருக்கணும்."

அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "அது அப்படியேதான் கெடக்கு டீச்சர். உங்க கடுதாசி வந்த மறுவாரமே, உங்ககூட செடி பாக்க வருவாவளே, அவிய வந்துட்டாவ. 'டீச்சர் எழுதினபடி மேட்டை விட்டுருங்க. ஓடையில ஒரு கொடி கெடக்கு, அது பூக்குற வரைக்கும் அங்க கை வைக்காதிய. பூத்ததும் அவளே வந்து என்ன ஏதுன்னு சொல்லுவா'ன்னாவ. அய்யனார் பேர்ல சத்தியம் வேற வாங்கிட்டாவ. நானும் போய்ப் போய்ப் பாக்கேன், ஒரு மொட்டுகூடக் காணோம்." என் முகத்தைப் பார்த்தார். "இப்போ பூத்துருச்சா?"

"இல்ல அண்ணாச்சி. அது பூக்காது."

"இந்த வருசமா?"

"எந்த வருசமும். அது பூக்குற சாதியே இல்ல."

அவர் யோசித்தார். பிறகு, "அடி ஆத்தி! அப்போ நான் குடுத்த சத்தியம்?" என்றார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உன் வீட்டுப் பேரைச் சொல்லி, "அந்த வீட்டு ஆளுக கெட்டிக்காரவியதான்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஓடைக்குப் போய், நீர்மருதில் கன்னத்தை வைத்து இன்னொரு தடவை அழுதேன்.

ஆக, அது பூக்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அன்று ஓடைக்கரையில் உட்கார்ந்து "பூக்கட்டும்" என்றபோதே தெரிந்ததா, மறுவாரத்துக்குள் தெரிந்துகொண்டாயா என்பதை இனி யாரிடம் கேட்பேன்? நீட்டத்தைப் பற்றிய அதே கேள்வியை ஒரே பரீட்சை அறையில் எழுதியவர்கள்தானே நாம். ஒரு வார்த்தையில் என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம், எனக்கு அது வேண்டியதும்தான். நீ காட்டையும் காப்பாற்றி, என் கடிதத்தையும் மாற்றாமல், நானாகத் திரும்பி வருவதற்கு வழியையும் விட்டு வைத்திருக்கிறாய். நான் வருவேன் என்று எதை நம்பிச் சொன்னாய், ஏட்டி? அந்த நம்பிக்கைக்கு ஏற்றவளாக இருந்துவிட்டுப் போக வேண்டும். இனி எனக்கு இருக்கும் வேலை அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் உன் சீட்டை எடுத்து வைத்து, வீட்டுப் பேர் என்ற இடத்தில் 'நீட்டம்' என்று எழுதினேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் இருபது வருடமாக என் பேரைத்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை உன் பேரை எழுதினேன், உன் அம்மா சொல்வதுபோல வீட்டுப் பேரை முன்னால் வைத்து. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்.