செயின்ட் லூயிஸின் மகா சோகமான மனிதர்

2011, பிப்ரவரி 12, சனி

இன்று எங்கள் வீட்டு நிலவறையில் வழக்கமான கூட்டம். பல் டாக்டர் வேலையை விட்டு ஓய்ந்த மோஸ், தபால்காரராக இருந்து ஓய்ந்த டூயி, பஸ் பணிமனையிலிருந்து ஓய்ந்த நான். பதினாறு வருடமாக விதி ஒன்றே ஒன்றுதான்: இசைத்தட்டு ஓடி முடிகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு யாரும் மூடுவதில்லை.

மோஸ் ஜாஸ் கொண்டுவந்தான். ஒரு டிரம்பெட்காரர் பதினெட்டு நிமிடம் மெட்டைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. "தேடுறதுதான்டா ஜாஸ்," என்றான். நானும்தான் தினமும் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன். யாராவது வந்து பதிவு செய்தார்களா?

டூயி எப்போதும் போல ராக். மேடையில் பதிவு செய்த இரட்டைத் தட்டு. மூன்றாம் பக்கம் முழுக்க ஒருவர் டிரம்மை அடிக்கிறார். கடைசியில் கூட்டம் ஓவென்று கைதட்டுகிறது. நிறுத்தியதற்காகத்தான் தட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான் என் ப்ளூஸ் பாடகர் டாலிவரைப் போட்டேன். வேறு யாரை?

பெரிய செய்தி: நூலகத்தில் மார்ச் 19 அன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, 'ஆர். டாலிவர்: செயின்ட் லூயிஸின் மகா சோகமான மனிதர்'. மோஸும் ஜாஸ் பற்றிப் பேசுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அவனைக் கூப்பிடவில்லை. "ஊர்ல ப்ளூஸ்னா கூட்டம் வரும், என்ன பண்றது," என்று ஆறுதல் சொன்னேன். இன்னும் கொஞ்சம் குறைவாகச் சிரித்தபடி சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 16

யாரோ ஒரு ப்ளூஸ்காரரின் பழைய பதிவைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடுகிறார்களாம். இரைச்சலை எடுத்துவிட்டார்களாம். கூடவே பாடின ஆளையும் எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 20, ஞாயிறு

பேச்சை எழுதுகிறேன். டாலிவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1992-இல் ஒரு சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில் அந்தத் தட்டு எனக்குக் கிடைத்தது. பெரிய தட்டு, பக்கத்துக்கு ஒரே பாட்டு. நடுவிலுள்ள காகிதத்தில் 'ஆர். டாலிவர், 1977' என்று பேனாவால் எழுதியிருக்கிறது, வேறு எதுவும் இல்லை. 'நீ வர்ற வரைக்கும் அடுப்ப அணைக்க மாட்டேன்' என்று பாடுகிறார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அடித்தொண்டையில். அந்தப் பெண் வரவே மாட்டாள் என்று தெரிந்தே ஒரு மனிதர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கிடாரின் கம்பிகளை யாரும் துணியாத அளவுக்குத் தளர்த்தியிருக்கிறார். டிரம் அடிப்பவர் சேற்றில் நடக்கிறார்.

'வறுமையில், 1980 வாக்கில் மறைந்தார்' என்று சேர்த்துக்கொண்டேன். இப்படிப் பாடினவர் அதற்கு மேல் எப்படித் தாங்கியிருப்பார்?

பிப்ரவரி 26, சனி

டூயிக்கு டாலிவர் பிடிக்கும், ஆனால் ஒரு சந்தேகம். "லூஷியஸ், பின்னால வாசிக்கிறது சாக்ஸஃபோனா, இல்ல யாராச்சும் மாட்டக் கட்டி வச்சிருக்காங்களா?"

கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது துக்கம் என்றேன். மோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் துடைப்பான். ஜாஸ்காரனாக இருந்தாலும் மனிதன்.

மார்ச் 3, வியாழன்

ஐயோ.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாலை, பேச்சை ஒத்திகை பார்க்கலாம் என்று டாலிவரைப் போட்டேன். வெர்னெட்டா துணியும் கையுமாகத் தூசி தட்டிக்கொண்டே வந்தாள். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியும் ப்ளேயர் பக்கம் வராதே என்று சொன்னால் கேட்டதில்லை. முழங்கை இடித்து, வேகத்தை மாற்றும் குமிழ் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றிலிருந்து நாற்பத்தைந்துக்குத் தாவியது.

ஒரு பெண் பாடினாள்.

கிடார் கிடாராக ஒலித்தது. மாடு சாக்ஸஃபோன் ஆனது. டிரம்மர் சேற்றிலிருந்து கரையேறிக் குதித்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாடுவது கண்ணுக்கே தெரிந்தது: நீ வர்ற வரைக்கும் அடுப்ப அணைக்க மாட்டேன்.

வெர்னெட்டா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். "இது யாருய்யா இந்தப் பொண்ணு? இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

சின்னத் தட்டு நாற்பத்தைந்து, பெரிய தட்டு முப்பத்துமூன்று. இது குழந்தைக்கும் தெரியும். பெரிய தட்டையும் நாற்பத்தைந்தில் பதிகிறவர்கள் உண்டு என்பது என் போன்றவனுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பத்தொம்பது வருஷம்! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தக் குமிழத் திருப்பிப் பாத்திருக்கக் கூடாதா? மகா சோகமான மனிதராம். ஆம்பளையே இல்லையேடா.

மார்ச் 4

ஒருவேளை வேகமானதுதான் தப்போ? பத்து முறை போட்டுப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 5, சனி

தலைவலி என்று சொல்லிக் கூட்டத்தை ரத்து செய்தேன். நூலகம் போஸ்டர் அடித்துவிட்டது. சலவைக் கடை, முடிதிருத்தும் கடை, மருந்துக்கடை, எங்கே போனாலும் என் பெயர், '1980 வாக்கில் மறைந்தார்' என்ற என் வரி. அதற்குக் கீழே, தொப்பி போட்ட ஓர் ஆண் தலைகுனிந்து நிற்கும் படம். எங்கே பிடித்தார்களோ.

மார்ச் 11, வெள்ளி

சர்ச்சில் தவக்கால மீன் வறுவல். வரிசையில் எனக்கு முன்னால் மோஸ். தட்டில் கெளுத்தி மீனை வாங்கிக்கொண்டே கேட்டான்: "பேச்சு ரெடியா? பத்தொம்பதாம் தேதி முன்வரிசைல உக்காரப் போறேன். டாலிவர் விஷயத்துல மட்டும் உன்ன அடிச்சுக்க ஆள் இல்லடா. அத நான் ஒத்துக்கறேன்."

பதினாறு வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. என் மீனையும் அவன் தட்டில் வைத்துவிட்டேன்.

மார்ச் 14, திங்கள்

தொலைபேசி. நான்தான் எடுத்தேன்.

"லூஷியஸ் பெட்டிவேங்களா? நான்தான் அந்த மகா சோகமான மனுஷன் பேசுறேன்."

பெயர் ரோவீனா டாலிவர். ஐம்பத்தேழு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சலவைக் கடையில் துணி காய்கிற வரை போஸ்டரைப் படித்திருக்கிறார். "செத்துப் போனேன்னு வேற போட்டிருக்கீங்க. எதுல செத்தேன்?"

வறுமையில் என்றேன். வேறென்ன சொல்ல?

"அது வாஸ்தவந்தான், சாகல அவ்வளவுதான்," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், முழங்கை, மாடு, எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்து முடிக்க நேரம் ஆகியிருக்கிறது.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கடைசி வரிசைல உக்காந்துக்கறேன். நீங்க எப்படிப் போடுறீங்களோ போடுங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது முடிவு என் தலையில். மெதுவாகப் போட்டால் யாருக்கும் தெரியாது. மோஸ் அழுவான், கூட்டம் அழும், நான் கடைசி வரை நிபுணராக இருக்கலாம்.

வெர்னெட்டாவிடம் கேட்டேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? நல்லாப் பாடின பொண்ண எருமையாக்கிட்டு அவ முன்னாலயே நிப்பியா?" என்றாள். எருமை என்று டூயிகூடச் சொன்னதில்லை.

மார்ச் 19, சனி

நாற்பத்தொரு பேர். கடைசி வரிசையில் மஞ்சள் கோட்டு போட்ட பெண்மணி.

முதலில் மெதுவாகவே போட்டேன். இரண்டு நிமிடத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. முள்ளைத் தூக்கினேன். "இதுவரைக்கும் நீங்க கேட்டது நான் பண்ணின தப்பு. பத்தொம்பது வருஷமா தப்பான வேகத்துல போட்டுட்டிருந்தேன்," என்று சொல்லிக் குமிழைத் திருப்பினேன்.

அப்புறம் முழு அறையும் சிரித்தது. மோஸுக்கு யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். "பத்தொம்பது வருஷமா? உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்காடா?" என்று மூச்சு வாங்கினான்.

"இருந்துச்சு. பதினாறு வருஷம் நீயும் பக்கத்துல உக்காந்து அழுதியே, அது என்ன காது?" என்றேன். தண்ணீரைக் கீழே வைத்தான். டூயிதான் அதற்கப்புறம் அதிகம் சிரித்தான்.

ரோவீனாவை எழுந்து நிற்கச் சொன்னேன். அந்தக் கைதட்டல் எதையும் நிறுத்தியதற்காக இல்லை.

மார்ச் 26, சனி

ரோவீனா நிலவறைக்கு வந்தார். மோஸ் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். சாக்ஸஃபோன் வாசித்தது தன் கணவர் என்று அவர் சொன்னதும், டூயி மேல்மாடியில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தான். பிடித்து உட்கார வைத்தோம்.

"அந்தத் தப்பான வேகத்துல போடுங்க," என்றார் ரோவீனா. "அன்னிக்கு நீங்க பாதியிலயே எடுத்துட்டீங்க."

வேண்டாமே என்றேன். கேட்கவில்லை. போட்டேன். விதியைத் தெரியாமலேயே கடைப்பிடித்தார். தட்டு முடிகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. முள் தானாக மேலே எழும்பியது.

"இதப் பாடுறப்ப எனக்கு இருபத்துமூணு வயசு. அவன் எதிர்ல நின்னு வாசிச்சிட்டிருந்தான். வர்ற வரைக்கும் அணைக்க மாட்டேன்னு அவனப் பாத்து விளையாட்டுக்குப் பாடினேன். ஆறு வருஷம் கழிச்சு வேலை தேடிச் சிகாகோ போனான். வரல," என்றார். "அதுக்கப்புறம் யாரும் என்னப் பாடக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா இந்த வேகத்துலதான் பாடியிருப்பேன்."

தட்டு முடிந்தும் நாங்கள் மூவரும் வாயைத் திறக்காதது பதினாறு வருடத்தில் இன்றுதான். நான் எழுந்து குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பப் போனேன்.

"இருக்கட்டும் லூஷியஸ்," என்றார் ரோவீனா. "இன்னொரு தடவ இப்படியே கேட்டுடறேன்."